என் பல்கலைக்கழகத்துக்கு நான் போன சுற்றுலா

1

போன வாரம் என் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆண்டு விழா மலருக்காக வெளிநாட்டு முன்னாள் மாணவர்களிடம் குறிப்பு கேட்டிருந்தார்கள். மூன்று கேள்விகள். ஒன்று, உங்கள் பெயரும் படித்த துறையும். இரண்டு, இப்போது பார்க்கும் வேலை. மூன்று, வளாகத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது, ஏன்? நூறு சொற்களுக்கு மிகாமல் எழுத வேண்டும்.

முதல் இரண்டுக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. சீனாவின் அந்தப் பழம்பெரும் பல்கலைக்கழகத்தில் நான் மூன்று ஆண்டுகள் முதுகலை படித்திருக்கிறேன். பட்டமும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வளாகத்துக்குள் என் வாழ்நாளில் நான் இருந்தது மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம். அதுவும் மாணவியாக அல்ல. முன்பதிவு செய்த சுற்றுலாப் பயணியாக, ஆம்பூரிலிருந்து வந்த என் அம்மாவோடு.

இது நூறு சொற்களில் அடங்காது. அதனால் முதலில் ஊரில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன்.

2

தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்த வருடம் எனக்கு அங்கே உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. விசா வந்தது. அம்மா குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். பெட்டி கட்டி முடித்த வாரத்தில் பெருந்தொற்று வந்து எல்லையை மூடினார்கள்.

மூடியதில் எனக்குக் கோபம் இல்லை. நோய் வந்தால் மூடத்தான் வேண்டும். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் மீது. "இந்த ஒரு பருவம் மட்டும் இணையவழியில்" என்று முதல் கடிதம். அடுத்த பருவத்துக்கும் அதே வரி. ஆறு பருவங்களுக்கு ஆறு கடிதங்கள், எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஆறும் ஒரே மாதிரிதான் முடிகின்றன: "உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் பொறுமையாக இருக்கிறேன் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

சீனாவில் காலை எட்டு மணி வகுப்பு என்றால் ஆம்பூரில் ஐந்தரை. கேமராவை அணைக்கக் கூடாது. அணைத்தால் அன்றைய வருகை போயிற்று. அம்மா ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். ஒரே அறை வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் குனிந்தபடியே நடந்து சாப்பாடு கட்டுவாள். தெருமுனை மளிகைக்கடை அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னா பாப்பா, செல்லு காலேஜு இன்னிக்கு லீவா?"

பாடத்தை இணையத்தில் நடத்தலாம். தோலை இணையத்தில் பதனிட முடியாது. ஆய்வுக் காலம் வந்தபோது என் பேராசிரியர் எழுதினார்: "உள்ளூரில் வசதி இருந்தால் அங்கேயே செய்யவும்." அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோலை உருட்டிப் பதனிடும் சின்ன டிரம் ஒன்றை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். குரோம் உப்பு இல்லாமல், ஆவாரம்பட்டைச் சாற்றை வைத்து ஆட்டுத்தோலைப் பதனிடுவதுதான் என் ஆய்வு. டிரம்மில் ஒரு தடவை போட்டு எடுப்பது ஒரு லாட். முதல் லாட் விறைத்துப் போனது. இரண்டாவது கறை பிடித்தது. மூன்றாவது லாட்டில் தோல் கைக்குள் துணி மாதிரி மடிந்து, விட்டதும் நிமிர்ந்தது. டிரம்மில் உருளும் தோலில் சீட்டும் நிற்காது, மையும் நிற்காது. அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் கழுத்து ஓரத்தில் துளை போட்டு அடையாளம் வைப்போம். மூன்றாவது லாட்டுக்கு நான் வைத்தது: இரண்டு துளை, ஒரு வெட்டு, மறுபடி இரண்டு துளை.

அதில் சிறந்த தோலைச் சுருட்டி பல்கலைக்கழகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். எனக்கு மூடியிருந்த எல்லை அதற்குத் திறந்தது.

3

அந்தத் தோலை அனுப்பிய அன்று வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்ல அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் சகுந்தலா. ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கும் லைனில் சூப்பர்வைசர். தையல் விலகியிருந்தால், பசை வழிந்திருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அவர்கள் பேச்சில் அது 'ஏரோ'. ஏரோ ஒட்டிய ஷூ, ரிப்பேர் டேபிளுக்குப் போகும். லைனில் ஒரு சட்டம் உண்டு. தப்பைச் சரிசெய்தவர்தான் ஏரோவை எடுக்க வேண்டும். சரிசெய்யாமல் எடுத்தவரை அம்மா அன்று முழுக்கப் பேசியே கொன்றுவிடுவாள்.

இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு ஏரோ தாள் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தவர் வேலையை முடித்துவிட்டுப் பார்த்தால் சுவரில் பதினொரு ஏரோ.

"இன்னாக்கா, செவுத்துக்கு அம்மை போட்டாப்ல பண்ணி வெச்சிருக்க?" என்றார் அவர்.

"அம்மை போட்டது நீ. நான் எண்ணித்தான் வெச்சேன்" என்றாள் அம்மா.

அன்று என் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். வயிற்றோரம் ஆடு எந்த வேலியிலோ உரசிய முள் கீறல், விரல் நீளத்துக்கு, நுனியில் தூண்டில் மாதிரி வளைந்து. டப்பென்று ஏரோ விழுந்தது.

"இத்த அனுப்பாத. வேற பீஸு அனுப்பு."

"அம்மா, இது டெஸ்டுக்குப் போவுது. யாரும் ஷூ தைக்கப் போறதில்ல."

"டெஸ்டு பண்றவங்களுக்குக் கண்ணு இல்லியா?"

நான் ஏரோவைப் பிய்த்துவிட்டு அந்தத் தோலையே அனுப்பினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கீறலுக்காக அல்ல. சரிசெய்யாமல் ஏரோவை எடுத்ததற்காக.

4

பட்டமும் கூரியரில்தான் வந்தது. அதை இங்கே செல்லுபடியாக்க ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். அவர்கள் கேட்டவை: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட்டில் அந்த நாட்டுக்குள் நுழைந்த முத்திரை உள்ள பக்கத்தின் நகல். என் பாஸ்போர்ட்டில் பயன்படாத விசா ஒட்டிய பக்கம் தவிர எல்லாம் வெள்ளை. ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். பதிலுக்கு அதே பட்டியலை, மூன்றாவது வரிக்கு அடிக்கோடிட்டு அனுப்பினார்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குப் போனேன். மேனேஜர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆன்லைன்லியாமா? அப்போ கை படல."

ஆவாரம்பட்டைச் சாறு ஏறி மூன்று மாதம் என் விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. அவர் கேட்ட நேரத்தில் அது போய்விட்டிருந்தது.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தது சீனக் கடற்கரை நகரம் ஒன்றிலுள்ள தோல் ரசாயனக் கம்பெனி. நாங்கள் விற்பதை நம் பக்கத்துத் தொழிற்சாலைகள்தான் வாங்குகின்றன. காலையில் ஆய்வகம், மதியம் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தொலைபேசி, எவ்வளவு சேர்க்க வேண்டும், எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும் என்று தமிழில் சொல்வது. "கை படல" என்றாரே, அவருடைய டிரம் ஆபரேட்டரும் என்னைத்தான் கூப்பிடுகிறார். "மேடம், கலர் ஜாஸ்தி ஆயிட்ச்சி, இன்னா பண்றது?" நானும் சொல்லித்தருகிறேன்.

அலுவலகச் சீனமொழி எனக்கு நன்றாக வரும். காய்கறிக் கடையில் தடுமாறுவேன். பாடப்புத்தகத்தில் புரதப் பிணைப்பு இருந்தது, புடலங்காய் இல்லை. ஊருக்குப் பேசும்போது பதிலுக்கு முன்னால் சீனர்கள் மாதிரி "ம்ம், ம்ம்" என்கிறேனாம். "யாரோ மாதிரி பேசாத" என்று அம்மா போனை வைத்துவிடுவாள்.

5

அம்மா மூன்று வாரம் லீவு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். முதல் விமானப் பயணம். என் அறைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் குளியலறை டைல்ஸில் இரண்டு ஏரோ ஒட்டிவிட்டாள். எங்கே போகலாம் என்று நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். கடற்கரை, தோட்டம், பழைய கடைத்தெரு.

"அதெல்லாம் வாணாம். உன் காலேஜ காட்டு."

"அது ரொம்ப தூரம்மா. ரயில்ல ஏழு மணி நேரம்."

"இருக்கட்டும். என் பொண்ணு அங்க படிச்சா, அங்க படிச்சான்னு நானும் சொல்லிக்கினே இருக்கேன். எல்லாம் சிரிக்குது. ஒரு வாட்டி என் கண்ணால பாத்துட்டா, அப்புறம் எவன் கேட்டாலும் வாய் தெறந்து பேசுவேன்."

எனக்கும் ஒரு முறையாவது அந்தக் கேட்டுக்குள் படித்தவளாக நுழைய வேண்டும் என்றிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

முன்னாள் மாணவர்களுக்குத் தனி வாசல் உண்டு. அதற்கு முன்னாள் மாணவர் அட்டை வேண்டும். அட்டை வாங்க, வளாகத்துக்குள் இருக்கும் அலுவலகத்தில் நேரில் முகப்பதிவு செய்ய வேண்டும். வளாகத்துக்குள் போக அட்டை வேண்டும். நான் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டேன். இரண்டு பேரும் மிக மரியாதையாக இதையே விளக்கினார்கள். இரண்டாமவர் மட்டும் கடைசியில் ஒரு யோசனை சொன்னார்: "நீங்கள் சுற்றுலாப் பயணியாகப் பதிவு செய்யலாமே, வளாகம் மிக அழகாக இருக்கும்."

பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. கோடு போட்டால் ஏற்கவில்லை. கடைசியில் அதே பெயரை இரண்டு இடத்திலும் போட்டேன். அனுமதிச் சீட்டில் 'சகுந்தலா சகுந்தலா' என்று வந்தது.

"ரெண்டு வாட்டி கூப்ட்டாதான் உள்ள வுடுவானா?" என்றாள் அம்மா.

அப்படியும் எனக்கு மனம் அடங்கவில்லை. அன்று காலை முதலில் முன்னாள் மாணவர் வாசலுக்குத்தான் போனேன். கைபேசியில் என் பட்டத்தின் படத்தைக் காவலரிடம் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, நல்ல பல்கலைக்கழகம் என்று என்னைப் பாராட்டினார். கேமரா முன்னால் நிற்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்கள் முகம் பதிவில் இல்லை."

மூன்று வருடம், வாரத்தில் ஐந்து நாள், கேமராவை அணைக்காதே என்று கட்டளை போட்டு இந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவாராத முகம், காய்ச்சல் முகம், பின்னால் அம்மா குனிந்து நடக்கும் முகம். அத்தனையும் எங்கே போனது? காவலரிடம் கேட்டு என்ன பயன். அவர் சுற்றுலா வாசலுக்கு வழி காட்டினார்.

"இன்னா சொல்றான்?"

"நம்ம வழி அந்தப் பக்கமாம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

6

வளாகம் உண்மையிலேயே அழகாக இருந்தது. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சாம்பல் செங்கல் கட்டடங்கள், நுனி வளைந்த ஓட்டுக்கூரைகள், தாமரைக் குளம், இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பழுத்து நின்ற மரங்கள். மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "இங்கே படித்த எந்த மாணவரும் இந்தக் குளத்தை மறக்க மாட்டார்கள்." எங்கள் குழுவில் முப்பது பேர். அதில் இங்கே படித்தவள் நான் ஒருத்திதான். குளத்தை அன்றுதான் பார்த்தேன்.

"உன் கிளாஸு எது?" என்றாள் அம்மா.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திரையில் ஆசிரியர்களின் தலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பச்சை ஜன்னலும் அதில் ஒரு மரக்கிளையும் தெரியும். பச்சை ஜன்னல் வைத்த கட்டடம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வாசலில் கயிறு கட்டி, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. அம்மா கயிறு வரை போய் நின்று, கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். என்னைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள்.

"கயிறு தெரியாம எடுத்துட்டேன்" என்றாள்.

பயணத்தின் கடைசி இடம் அருங்காட்சியகம். முதல் அறையில் பழைய மேசைகள், நிறுவனர்களின் படங்கள். இரண்டாம் அறை, துறைகளின் சாதனைகள். இடப்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சில தோல்கள் விரித்து வைத்திருந்தார்கள். நான் விளக்கப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது. அவள் தோலைத்தான் படித்தாள்.

"ஏய், இங்க வா. இது நம்ப ஆடு."

"சும்மா இரும்மா."

"இந்தக் கீறல நான் பாத்திருக்கேன்டி. அந்தக் கொக்கியப் பாரு. நான் வாணாம் வாணாம்னு சொன்ன பீஸு."

குனிந்து பார்த்தேன். வயிற்றோரம் தூண்டில் மாதிரி வளைந்த கீறல். என் கண் தானாகக் கழுத்து ஓரத்துக்குப் போனது. இரண்டு துளை. ஒரு வெட்டு. இரண்டு துளை.

கீழே இருந்த பலகையை மூன்று முறை படித்தேன். குரோம் இல்லாமல் தாவரச் சாற்றால் பதனிட்ட ஆட்டுத்தோல். இத்துறையின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதன் கீழே மூன்று பெயர்கள். பேராசிரியர் பெயர் ஒன்று. மற்ற இரண்டும் எனக்குப் பிறகு சேர்ந்த மாணவர்கள். நான் அனுப்பிய தோலை அவர்கள் சோதித்துப் பார்த்திருப்பார்கள். பலகையில் நான் இல்லை, ராணிப்பேட்டை இல்லை, ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகக் கேட்டாள்.

"இவங்க லேபுல செஞ்சதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"உன் பேரு?"

"இல்ல."

அம்மா கைப்பையைத் திறந்தாள். நான் கைக்குட்டை எடுக்கிறாள் என்று நினைத்தேன். சிவப்பு ஏரோ ஒன்றை உரித்து, கண்ணாடியில் நேராக, ஆய்வகத்தைச் சொல்லும் இரண்டாம் வரிக்கு எதிரே வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். லைனில் ஒட்டுகிற அதே நிதானம்.

"அம்மா! இது மியூசியம்!"

"தப்பு எங்க இருந்தாலும் தப்புதான்."

கையில் தன்னார்வலர் பட்டை கட்டிய ஒரு மாணவி ஓடிவந்தாள். அங்கே படிக்கிறவளாகத்தான் இருக்க வேண்டும், இருபது வயது இருக்கும். கண்ணாடியில் எதுவும் ஒட்டக் கூடாது, இது என்ன என்று கேட்டாள். ஆறு கடிதங்களுக்கும் நான் பதிலே எழுதியதில்லை. காவலரிடமும் வாதாடவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் முழு வாக்கியங்களாகச் சொன்னேன்.

"இந்தத் தோலைச் செய்தவள் நான். உங்கள் ஆய்வகத்தில் அல்ல, இந்தியாவில், என் ஊருக்குப் பக்கத்தில். எல்லை மூடியிருந்தபோது நான் இங்கே மாணவி. கழுத்து ஓரத்தில் இருக்கும் துளைகள் என் அடையாளம். இதோ அன்று எடுத்த படம், தேதியோடு. இந்தப் பலகையில் இரண்டாவது வரி தப்பு. மூன்றாவது வரியில் ஒரு பெயர் குறைகிறது. அந்த அம்பு, தப்பு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது."

அவள் என் கைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பெட்டியின் மேல் குனிந்து துளைகளை எண்ணினாள். பலகையைப் படம் பிடித்துக்கொண்டாள். "நான் துறைக்குத் தெரிவிக்கிறேன்" என்றாள். பிறகு தயக்கத்தோடு, "ஆனால் இந்த ஸ்டிக்கரை எடுக்க வேண்டும்" என்றாள்.

"இன்னா சொல்றா?"

"மேல சொல்றாளாம். ஏரோவ எடுக்கச் சொல்றா."

"சரி பண்றவங்க எடுக்கட்டும்னு சொல்லு. நான் எடுக்க மாட்டேன், நீயும் எடுக்கக் கூடாது. ஒரு வாட்டி எடுத்தியே, அது போதும்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கையைக் கண்ணாடி வரை கொண்டுபோனாள். ஏரோவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் குளத்தங்கரையில் அம்மா தண்ணீர் குடித்தாள். வழிகாட்டி மஞ்சள் கொடியை ஆட்டி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நேரம் முடிந்துவிட்டது என்று.

"கீறல் இருந்தும் நல்ல பீஸுதான்டி அது" என்றாள் அம்மா. "மளிகைக்கட அண்ணங்கிட்ட சொல்லிக்கிறேன். உன் காலேஜ்ல உன் சரக்கு கண்ணாடிக்குள்ள இருக்குது."

7

அதற்குப் பிறகு துறையிலிருந்து எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கிடைத்தது தானியங்கிப் பதில். அதுவும் அந்த ஆறு கடிதங்கள் மாதிரியேதான் முடிந்தது; கடைசி வரியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். இப்போது ஆண்டு விழா மலருக்குக் குறிப்பு கேட்கிறார்கள்.

இன்று காலை அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் கம்பெனி பஸ்ஸில் இருந்தாள், பின்னால் பெண்கள் சத்தம். "பிடிச்ச எடம் எதுன்னு கேட்டா உள்ளத எழுது, பயந்துக்காத" என்றாள். எழுதி அனுப்பிவிட்டேன். சரியாக நூறு சொற்கள் வரவில்லை, குறைவுதான்.

"வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்: அருங்காட்சியகம், இரண்டாம் அறை, இடப்பக்கக் கண்ணாடிப் பெட்டி. அங்கே ராணிப்பேட்டையில் நான் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருக்கும். ஒட்டியவர் என் அம்மா. ஏன் பிடிக்கும் என்றால், அந்த வளாகத்தில் என்னைப் பற்றி உண்மை சொல்வது அது ஒன்றுதான். அம்புக்குறி இப்போது அங்கே இல்லையென்றால், எடுத்தவர் யார் என்று எனக்குத் தேவையில்லை. சரிசெய்துவிட்டு எடுத்தாரா என்று மட்டும் எழுதவும். அதுவரை நான் பொறுமையாக இல்லை."